கட்டியக்காரன் கேட்ட கேள்விகள்: அன்றும் இன்றும்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயி, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, வாழ்க்கையின் பெரிய கேள்விகளை எங்கே கேட்டிருப்பார்? எது நியாயம், யார் நல்லவன், கொடுத்தவன் உயர்ந்தவனா, பொறுத்தவன் உயர்ந்தவனா? இவற்றையெல்லாம் அவர் கேட்டது திரௌபதி அம்மன் கோயில் வாசலில். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பத்து நாள் நடக்கும், பதினெட்டு நாள் நடக்கும், வசதியுள்ள ஊரில் அதற்கு மேலும் போகும். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி.

அறநூல்களுக்குப் பஞ்சமில்லாத மண்தான் இது. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது. நாலடியாரைத் தந்தவர்கள் சமண முனிவர்கள் என்பது மரபு. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றுப் பாறையில் 24 தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததை அங்கே ஒரு பழங்கல்வெட்டு சொல்கிறது. அறத்துக்காகத் தம் உடம்பையே விலையாகக் கொடுத்தவர்கள் வாழ்ந்த ஊர்கள் இவை. ஆனாலும் ஏடும் கல்வெட்டும் படித்தவர்களுக்கானவை. ஏர் ஓட்டியவருக்கும் களை எடுத்தவருக்கும் அறம் காது வழியாகத்தான் வந்தது. அதுவும் அறிவுரையாக வரவில்லை, ஒரு வழக்காக வந்தது.

பாரதம் என்பது பங்காளிச் சண்டை. எங்கள் பக்கத்து விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டதற்காக அண்ணனும் தம்பியும் வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்த வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. சாப்பாட்டு நேரம் கழிந்து வெயில் தணியத் தொடங்கும்போது பிரசங்கியார் மேடையில் உட்காருவார். வில்லிபுத்தூராரின் பாட்டை ராகம் போட்டுப் பாடுவார். பக்கத்தில் இருப்பவர் பின்பாட்டு எடுத்துக் கொடுப்பார். பிறகு பிரசங்கியார் பாட்டை விட்டு இறங்கி ஊர்ப்பேச்சுக்கு வருவார். கண்ணன் தூது போன கதையைச் சொல்லும் நாளில் பாதி ராஜ்ஜியம் கேட்டார், இல்லையென்றான். ஐந்து ஊர் கேட்டார், இல்லையென்றான். ஐந்து வீடாவது கொடு என்றார், அதுவும் இல்லையென்றான் என்று அடுக்கிக்கொண்டே போவார். கூட்டத்தில் பங்காளியோடு வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். யார் பெயரையும் சொல்லாமல் எல்லோரிடமும் சொல்லும் அந்த நுட்பத்துக்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை.

இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கூத்து தொடங்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், சூது துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, அரவான் களப்பலி, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று ஒவ்வொரு இரவும் ஒரு கதை. பகலில் பிரசங்கியார் சொன்னதை இரவில் ஜமா, அதாவது கூத்துக் குழு, ஆடிக் காட்டும். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னும். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். அவர் முகம் தெரிவதற்கு முன்பே ஆடுகளமான களரிக்கு வந்துவிடுபவன் கட்டியக்காரன்.

என் கருத்தில், இந்த வட்டாரத்தின் ஞானத்துக்கும் சிரிப்புக்கும் காவலாக நின்றவன் அவன்தான். அவனுக்குக் கிரீடம் கிடையாது. கோமாளிக் குல்லாய், கோணல் பொட்டு, கையில் ஒரு கோல். கதைப்படி அவன் ராஜாவின் சேவகன். ஆனால் அவன் கேட்காத கேள்வி இல்லை. நீ யார், எந்த தேசம், எதற்காக இந்த ஊருக்கு வந்தாய் என்று திரைக்குள் இருப்பவரிடமே விசாரணை வைப்பான். தேவைப்பட்டால் தூதனாவான், கிழவியாவான், படைவீரனாவான். கதைக்குள் இருந்து சட்டென்று வெளியே வந்து, முன்வரிசையில் தூங்குகிறவரை எழுப்பிவிட்டு, மறுபடியும் கதைக்குள் போய்விடுவான். வசனம் ஊருக்கு ஊர் மாறும். அந்தந்த ஊரின் சமாச்சாரத்தை மாலையிலேயே டீக்கடையில் விசாரித்து வைத்திருப்பான். போக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அடே கட்டியக்காரா! நமது தேசத்தில் மாதம் மும்மாரி பொழிகிறதா?"

"பொழியுது மகாராஜா. ஏரியிலதான் தண்ணி நிக்கல."

"ஏன் நிற்கவில்லை?"

"ஏரி இருந்தாதானே ராஜா நிக்கும்? அதுல உங்க ஆளுங்க வீடு கட்டிட்டாங்களே."

கூட்டம் சிரிக்கும். ஏரியை வளைத்துப் போட்டவரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார், அவரும் சிரித்தே ஆக வேண்டும். ராஜா கோலால் இரண்டு அடி போடுவார். அடி வாங்கிக்கொண்டே அவன் அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரத்தில் தெருக்கள் ஏரிகளாயின. அந்த நாட்களில் எனக்குக் கட்டியக்காரனின் ஏரிப் பேச்சுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. மழை எங்கே போவது என்ற கேள்வியைக் களரியில் நின்று எவ்வளவோ காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன்.

பொதுவாக நாம் ஞானம் என்று எதைச் சொல்கிறோம்? நல்ல வாக்கியங்களை. கோபம் கூடாது, பேராசை கூடாது, பொறுமை வேண்டும். கூத்து இப்படிப்பட்ட வாக்கியங்களைச் சொல்லாமல் இல்லை. ராஜாக்கள் எல்லோரும் சொல்வார்கள், அழகாகவும் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு சேவகன் நின்று, சொன்னவரைத் திரும்பக் கேட்பான். அறம் தவறாத தருமன் நான் என்று பாடி வருகிறவரிடம், "அதான் ஊரே சொல்லுதே சாமி. தம்பிங்கள வெச்சு ஆடுறப்ப தம்பிங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்பான். தருமருக்குப் பதில் இருக்காது. அந்தக் கணத்தில்தான், உட்கார்ந்திருப்பவருக்குத் தர்மம் என்றால் என்ன என்ற யோசனையே தொடங்கும். சொன்ன புத்தி பாதி, கேட்ட கேள்வி பாதி. இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் ஊர்களின் அறிவு.

சூது துகில் நடக்கும் இரவில் மட்டும் இந்தக் கேலி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். துச்சாதனன் வேடம் போட்டவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றித் திரௌபதியைக் கும்பிடுவார். நான் வேடக்காரன், என்னை மன்னித்துக்கொள் தாயே என்று அந்தக் கும்பிடுக்குப் பொருள். கூட்டத்தில் பெண்களுக்குச் சாமி வரும். கட்டியக்காரன் ஓரமாக நின்றுவிடுவான், ஏனென்றால் அங்கே கேள்வி கேட்கும் வேலையைத் திரௌபதியே எடுத்துக்கொள்கிறாள். தன்னைத் தோற்றபின் என்னை வைத்தாரா, என்னை வைத்தபின் தன்னைத் தோற்றாரா? சபையில் பீஷ்மரும் துரோணரும் இருக்கிறார்கள், அறநூல் கற்றவர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். பீஷ்மரிடமிருந்தும் துரோணரிடமிருந்தும் நேரான பதில் வரவில்லை. படித்தவர்கள் நிறைந்த அவையில் நியாயம் பேச ஆளில்லாமல் போகலாம் என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. விடிய விடிய உட்கார்ந்து கண்ணால் பார்த்தார்கள்.

அன்றிருந்ததெல்லாம் பொன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கோயில் வாசலில் நியாயம் பேசிய அதே ஊரில், யார் எங்கே உட்கார்ந்து கூத்துப் பார்ப்பது என்பதற்குச் சாதிக் கணக்கு இருந்தது. பல ஊர்களில் சேரிக்காரர்கள் தூரத்தில் நின்றுதான் கேட்டார்கள். கட்டியக்காரனின் சிரிப்பும் எப்போதும் மேலிருப்பவர்களை நோக்கியே போகவில்லை. பெண்களையும் உடல் குறையுள்ளவர்களையும் எளியவர்களையும் கேலி செய்து கைதட்டல் வாங்கிய இரவுகள் நிறைய. பெண் வேடம் எல்லாம் ஆண்களே போட்டார்கள். பெண்ணுக்கு மேடை கிடையாது. திரௌபதியின் கேள்வியை ஓர் ஆண் கேட்டு, ஆண்களே பதில் சொல்லாமல் இருந்தார்கள்.

இந்தக் குறை இன்றும் முழுதாகத் தீரவில்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதியில் ஒரு தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் திருவிழாவில் பட்டியல் சாதி இளைஞர்கள் உள்ளே போனதற்காகத் தாக்கப்பட்டார்கள். தகராறு முற்றி, அந்த ஆண்டு ஜூனில் வருவாய்த் துறை கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பிறகு 2024 மார்ச்சில் பூசைக்காகத் திறந்தார்கள். தருமன் பெயரைத் தாங்கிய கோயிலின் கதவு தருமத்துக்காக மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது என்பதைவிட இந்த வட்டாரத்துக்கு வேதனையான செய்தி வேறில்லை. செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் இருப்பதுதான் திரௌபதி அம்மனின் ஆதிக் கோயில் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட பெரிய ஆய்வே செஞ்சியைத் தொடக்கமாக வைத்துத்தான் போகிறது. இந்தக் கோயில்களில் அம்மனுக்குக் காவலாக நிற்கும் தெய்வங்களில் ஒருவர் முத்தால் ராவுத்தன், ஒரு முஸ்லிம் வீரர். முஸ்லிமைக் காவல் தெய்வமாக வைத்துக் கும்பிட்ட மரபுக்குப் பக்கத்துத் தெருக்காரர் உள்ளே வருவது எப்படித் தீட்டாகும்? கட்டியக்காரன் களரியில் நின்று கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டானா என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் மின்சாரம் வந்தது. தீவட்டியும் பெட்ரோமாக்ஸும் போய் டியூப்லைட் வந்தது, மைக் வந்தது. களரியின் நடுவே கயிற்றில் தொங்கிய ஒற்றை மைக்குக்குக் கீழே ராஜாவும் மந்திரியும் முண்டியடித்து நின்றார்கள். மூன்று பக்கமும் சுற்றி ஆடியவர்கள் ஓரிடத்தில் நின்று பாடினார்கள். கூட்டத்துக்குள் நடந்து போய்ப் பேசுவதுதான் கட்டியக்காரனின் பாதி பலம். மைக்கை விட்டு நகர்ந்தால் அவன் குரல் கேட்காது என்றாகிவிட்டது. இப்போது சட்டையில் குத்திக்கொள்ளும் மைக் வந்து அந்தக் கட்டு அவிழ்ந்திருக்கிறது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் நடையே மாறிவிட்டது.

பிறகு சினிமா. சிவாஜி கணேசன் 1928இல் பிறந்தது விழுப்புரத்தில். 1964இல் பி.ஆர்.பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்தில் அவர் நடித்த பிறகு, எங்கள் பக்கத்திலும் கர்ணன் என்றால் அவர் முகம்தான். 2012இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோதும் அரங்குகள் நிறைந்தன. அந்தப் படத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் கூத்தில் வரும் கர்ணன் வேறு மாதிரி. எங்கள் வட்டாரத்தில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். இறந்தவர் வீட்டு வாசலில், அழுது ஓய்ந்த குடும்பத்தின் முன்னால், சாவுக்குப் புறப்படும் கர்ணன் வந்து நிற்பான். தேரோட்டி மகன் என்று அவனை மதிக்காத மனைவி பொன்னுருவி. இருவருக்கும் நடுவே தூது போகிறவன் கட்டியக்காரன். ஊருக்கெல்லாம் கொடுத்தவருக்கு வீட்டில் மரியாதை இல்லையே, ஏன் என்று அவன் கேட்கும்போது, இழவு வீட்டில் சிரிப்பு வரும். சிரித்தபடியே மறுபடி அழுவார்கள். பிறப்பால் வந்த இழிவு கொடையால் தீருமா, தீராதா என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குள் இருக்கும். திரையில் வருகிற கர்ணனுக்காக நாம் அழலாம். அவனைக் குறுக்கே மறித்து யாரும் எதுவும் கேட்பதில்லை.

மேடைப் பேச்சிலும் நல்ல காலம் ஒன்று இருந்தது. காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்த கிருபானந்த வாரியார் சொற்பொழிவின் நடுவே முன்வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்பார், பதில் சொன்ன குழந்தைக்குப் பரிசு கொடுப்பார். பெரியவர்களைச் சிரிக்க வைத்தபடியே கண்டிப்பார். 1993இல் அவர் மறைந்தபோது, கேட்பவரையும் பேச வைக்கிற அந்த வழியும் மெலிந்தது. தொலைக்காட்சிப் பட்டிமன்றம் விவாதத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அங்கே வாதாடுகிறவர்கள் வேறு, நாம் பார்க்கிறவர்கள். கட்டியக்காரன் நம்மில் ஒருவனாக இருந்தான்.

பேச்சில் மட்டுமல்ல, எழுத்திலும் அறிவுரை வந்தது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் குறள் எழுதியிருக்கும். 1997க்குப் பிறகு கழகத்தின் பெயர் மாறியது. குறள் பலகை இருந்தது. திண்டிவனத்தில் ஏறி செஞ்சியில் இறங்குவதற்குள் ஒரு குறளை மனப்பாடம் செய்துவிடலாம். பள்ளிக்கூடக் கரும்பலகையில் இன்றைய சிந்தனை, அலுவலகச் சுவரில் பொன்மொழி. இவையெல்லாம் நல்லவைதான். இப்போது அந்தப் பலகை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு ரோஜாப் பூவோடு, சூரிய உதயத்தோடு, வாழ்க்கை பற்றிய இரண்டு வரி. கீழே புத்தர் என்றோ விவேகானந்தர் என்றோ போட்டிருக்கும், பெரும்பாலும் அப்துல் கலாம். 2015இல் மறைந்த அந்த மனிதர் சொல்லாததெல்லாம் அவர் பெயரில் தினமும் வந்துகொண்டிருக்கிறது. அனுப்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அன்பில்தான் அனுப்புகிறார்கள், வயதானவர்களுக்கு அது, நான் நன்றாக இருக்கிறேன் என்று தகவல் சொல்வதும்கூட. ஆனால் அந்த வரிக்கு முகம் இல்லை. இதை நீங்கள் கடைப்பிடிக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்க எதிரில் ஆள் இல்லை. ஒரு நாளில் முப்பது அறிவுரை வந்து விழுகிறது, ஒன்றின் மேலும் ஒரு கேள்வி எழுவதில்லை.

இதன் விளைவு என்ன என்று பார்க்க சூதாட்டத்தை எடுத்துக்கொள்வோம். சூது கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த புத்தி. தருமன் தோற்றதை ஊர் ஊராக எத்தனை முறை ஆடியிருக்கிறோம்! அந்தப் பகடை கைப்பேசியில் ரம்மியாக வந்தபோது, விளம்பரத்தில் நடிகர்கள் வந்து சிரித்தபோது, எத்தனை குடும்பங்கள் கடனில் விழுந்தன, எத்தனை பேர் உயிரை விட்டார்கள். தமிழ்நாடு அரசு 2022இல் தடைச் சட்டம் இயற்றியது. ஆளுநர் மாளிகையில் மசோதா நின்று, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் தொடர்பான பகுதியை விலக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டைத் தடை செய்தது. சட்டம் தேவை, சந்தேகமில்லை. ஆனால் சூது துகில் கூத்து நடக்கும் இரவில் கட்டியக்காரன் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு தருமரிடம் வந்து, "சகுனி இப்ப இதுக்குள்ள குந்திக்கினு இருக்கான் சாமி, நீங்க மறுபடியும் ஆடப் போறீங்களா?" என்று கேட்டால், அதைக் கேட்டுச் சிரித்த பையன் மறுநாள் அந்தச் செயலியைத் திறக்கும்போது ஒரு நொடியாவது தயங்குவான். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

கூத்து நடக்கிறதா என்றால், நடக்கிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை விழுப்புரம் மாவட்டத்தில் சுவரொட்டி ஒட்டாத வாரம் இல்லை. கொரோனா வந்த 2020, 2021 ஆகிய இரண்டு பருவங்களும் ஜமாக்களை அடித்துப் போட்டன; பெட்டியைத் திறக்காமலே கலைஞர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். பிறகு எழுந்தார்கள். இப்போதைய இடைஞ்சல் நேரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு மாநில அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு வரைதான். விடிய விடிய ஆடுவதற்கென்றே பிறந்த கலை இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது. எனவே ஒவ்வொரு ஊரும் காவல் நிலையத்தின் தயவில் நிற்கிறது. நேரம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது யாருடைய பங்கு? சண்டைக் காட்சியைக் குறைக்க முடியாது, பாட்டைக் குறைத்தால் கூட்டம் கோபிக்கும். கட்டியக்காரனின் விசாரணைதான் சுருங்குகிறது. மீதி நேரத்தில் அவன் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறான், இரட்டை அர்த்தம் பேசுகிறான். பெண்களும் குழந்தைகளும் எழுந்து போகிறார்கள். அவனை அந்த இடத்துக்குத் தள்ளியது அவன் மட்டுமல்ல, விசில் அடித்த நாமும்தான்.

நல்லதும் நடந்திருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். செய்யாறு பக்கத்துப் புரிசையிலிருந்து கண்ணப்பத் தம்பிரான் கூத்தை உலக மேடைகளுக்குக் கொண்டு போனார். ந.முத்துசாமி அதைக் கண்டு வியந்து சென்னையில் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். காஞ்சிபுரத்தில் பி.ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002இலிருந்து 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. அதில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டி ஆடக் கற்றார்கள். திரௌபதியின் கேள்வியை ஒரு பெண்ணே கேட்கும் காலம் வந்துவிட்டது என்பது சிறிய விஷயம் அல்ல. அரசு 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் அமைத்தது. விடிய விடிய ஆடிய கூத்தை முழுசாகப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறார்கள்; வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்க்கிறார்கள்.

கூவாகத்தையும் சொல்ல வேண்டும். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ஊர். சித்திரைப் பௌர்ணமியில் திருநங்கையர் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிறார்கள். போரில் ஜெயிப்பதற்காகப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு பிள்ளையைப் பலி கொடுத்த கதை அது. ஊர் நன்மைக்கு ஒரு உயிரைக் கொடுக்கலாமா என்று அந்த ஒப்பாரி கேட்கிறது. கூத்து நகைச்சுவையில் வெகுகாலம் கேலிப்பொருளாக இருந்தவர்கள், பாரதத்தின் மிகக் கனமான கேள்வியைத் தங்கள் கண்ணீரால் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 2008இல் தமிழ்நாடு அவர்களுக்கு நல வாரியம் கண்டது, 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அன்றைய கேலியைச் சொல்லி இன்று ஒரு கட்டியக்காரன் சிரிக்க வைக்க முயன்றால், அவனை நிறுத்தச் சொல்லும் உரிமை கூட்டத்தில் யாருக்கும் உண்டு. கேள்வி கேட்பவனையும் கேள்வி கேட்கலாம் என்ற இந்த நிலை அன்றைவிட மேலானது.

ஆகவே திருவிழாக் குழுக்களில் இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஜமாவுக்குப் பாக்கு வெற்றிலை வைக்கும்போதே கட்டியக்காரன் யார் என்று கேளுங்கள். அவருடைய நேரத்தை வெட்டாதீர்கள். அவருக்கும் ராஜா வேடத்துக்கு ஈடான சம்பளம் கொடுங்கள். ஊரில் இந்த வருடம் என்ன நடந்தது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். ஏரியையும், ரேஷன் கடையையும், பூட்டிய கோயிலையும் சொல்லுங்கள். ஊரில் எல்லாத் தெருக்காரர்களையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். மாவட்ட நிர்வாகம் வருடத்தில் இந்தச் சில இரவுகளுக்காவது, ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து, விடியும் வரை ஆட வழி செய்யட்டும். படிக்கிற உங்களுக்கும் ஒன்று: வரும் பங்குனி, சித்திரையில் திண்டிவனத்திலோ செஞ்சியிலோ விக்கிரவாண்டியிலோ பேருந்தை விட்டு இறங்கி, எந்த ஊரில் பாரதம் நடக்கிறது என்று டீக்கடையில் கேளுங்கள். சொல்வார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள்.